வாலில் நிற்பவர்

உம்மா வாப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கும். ஊர் வைத்த பெயர்தான் வாசலில் நின்று கூப்பிடும். கல்முனைக்குடியில் பின்னேரம் அஸர் தொழுகைக்கு ஒருவர் சறுக்கி விழுந்தால், பொழுதுபட்டு மஃரிபு தொழுவதற்குள் அவருக்குப் பெயர் தயாராகிவிடும். எப்போதோ ஒரு கலியாண வீட்டில் மூன்றாம் முறையும் வட்டிலாப்பம் கேட்டார் என்பதற்காக ஒரு மனிதரை 'வட்டிலாப்பம்' என்றார்கள். அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் முப்பது வருஷம். இன்றைக்கும் அவருடைய பேரன் வீட்டுக்குத் தபால் கொண்டுவருகிறவர், "வட்டிலாப்பத்தார்ர வீடு எது?" என்றுதான் சந்தியில் விசாரிக்கிறார். பேரனுக்குச் சீனி வருத்தம், இனிப்பே தொடமாட்டான். அது யாருக்கு வேண்டும்.

மசூருக்குப் பெயர் வந்தது சென்ற வருஷம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். கடற்கரை மைதானத்தில் கயிறு இழுத்தல் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் எங்கள் கரைவலைக்காரர் எட்டுப் பேர். மறுபக்கம் இறக்காமத்து வயல்காரர் எட்டுப் பேர், நெல் மூடை தூக்கித் தூக்கி முதுகு பலகையாகிப் போனவர்கள். மூன்று இழுப்பில் ஆளுக்கொன்று வென்றாயிற்று. மூன்றாவதில், கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி எங்கள் கோட்டுக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து, கயிற்றின் வாலில் நின்ற மசூர் கயிற்றைக் கொடுத்தார். வழுக்கவில்லை, விழவில்லை. நின்ற நிலையில் ஒரு சாண் கொடுத்தார். பிறகு இன்னொரு சாண். முன்னால் நின்ற ஏழு பேரும் குப்புறச் சரிந்தார்கள். இறக்காமத்தார் கயிற்றோடு பின்னால் ஓடினார்கள்.

இஷா தொழுதுவிட்டு வெளியே வரும்போது பெயர் வந்துவிட்டது. கயிறுவிட்டான்.

மசூருக்கு நாற்பத்திரண்டு வயது. சாய்ந்தமருதில் பிறந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்ததும் பெண் வீட்டுக்கு வந்து குடியேறியவர். மனைவி றம்ஸியா, மருதமுனைக் கடை ஒன்றுக்கு வீட்டிலேயே தறி போட்டுச் சாறி நெய்கிறவள். ஒரே மகள் அப்னா, ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். றம்ஸியாவின் அண்ணன், அவள் 'காக்கா' என்று கூப்பிடுகிற மர்சூக்தான் கரைவலைக்குத் தண்டயல், அதாவது வள்ளத்தையும் வலையையும் ஆட்களையும் நடத்துகிறவர். கயிறு இழுக்கிற அணிக்கும் அவர்தான் தலைவர்.

பெயரை மசூர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. அந்தப் பெயர் சரிதான் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். தன் உடம்புக்குள் எங்கேயோ ஒரு கோழை ஒளிந்திருக்கிறான், முக்கியமான நேரத்தில் அவன்தான் வந்து கையைத் தளர்த்துகிறான் என்று ஒரு வருஷமாக யோசித்து யோசித்து முடிவுக்கு வந்திருந்தார். தேத்தண்ணிக் கடைக்குப் போவதை விட்டார். ஆள் பார்க்கிறாற்போல எதையும் தூக்கமாட்டார்.

இந்த வருஷம் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மர்சூக் ஒரு பையில் பாரைக்குட்டிகளோடு வந்தார். மீனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தறிக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"மச்சான், இந்த முறையும் நீங்கதான் வால்."

"வேற ஆளப் பாருங்க மச்சான்."

"வேற ஆளு எங்க இரிக்கி? வலையில வால்ல நிக்கிற ஆள்தானே இதிலயும் நிக்கணும். இருவத்திரண்டு வருஷமா வால்ல நிக்கிறீங்க. ஒங்களுக்கு இல்லாத பழக்கமா?"

"உடம்பில ஒரு குறையும் இல்ல. மனசிலதான். அந்த நேரம் வந்தா மனசு விட்டிரிது. கை தானாக் குடுக்குது. நான் குடுக்கல்ல மச்சான், அது குடுக்குது."

"ஒரு தரம் நடந்தத வெச்சிக் கதைக்காதீங்க."

"ஒரு தரம் காணும். ரெண்டாந்தரம் வேணுமா?"

மர்சூக் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க நிக்காட்டி அந்தப் பேர் நிக்கும். நம்மட ஊரு தெரியும்தானே. நேத்து பள்ளிக்கூடத்தில அப்னாவ ஒரு புள்ள 'கயிறுவிட்டார்ர மகள்' எண்டு கூப்பிட்டிரிக்கி. என்ட மகள்தான் வந்து சொன்னா. இவ வீட்ட வந்து சொன்னாவா?"

மசூர் மகளைப் பார்த்தார். அப்னா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவள் சொல்லவில்லை என்பதுதான் மசூருக்கு வலித்தது. சொல்லியிருந்தால் திட்டவாவது ஆள் கிடைத்திருக்கும்.

"நிக்கிறன்," என்றார். "ஆனா மறுகா என்னக் குத்தம் சொல்லாதீங்க."

அன்றிலிருந்து ஊரே மனசுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பியது. ஒருவர் பச்சை முட்டை குடிக்கச் சொன்னார். இன்னொருவர் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மர்சூக்கின் மகன் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பினான். கோட் போட்ட ஒரு மனிதர், கண்ணாடியில் தன்னைப் பார்த்து 'நான் சிங்கம்' என்று தினமும் ஐம்பது தரம் சொல்ல வேண்டும் என்றார். மசூர் சொல்லிப் பார்த்தார். அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் பன்னிரண்டாவது சிங்கத்தில், கதவடியில் அப்னா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. அத்தோடு சிங்கம் முடிந்தது.

அணிக்குப் பயிற்சி கொடுக்கக் காரைதீவிலிருந்து புண்ணியமூர்த்தி சேர் வந்தார். பாடசாலையொன்றில் விளையாட்டு ஆசிரியர். பின்னேரம் மோட்டார் சைக்கிளை மணலில் நிறுத்திவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி அதன் மேல் வைப்பார். குரல் உயர்த்தாத மனிதர். மசூரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"கண்ண மூடுங்க மசூர். மூச்ச இழுத்து, மெதுவா விடுங்க. இப்ப மனசுக்குள்ள, 'நான் விடமாட்டன்' எண்டு சொல்லுங்க. இழுக்கக்குள்ளயும் அதச் சொல்லிக்கொண்டே நிக்கணும்."

மசூர் அப்படியே செய்தார். மறுபக்கம் இளைஞர்கள் பன்னிரண்டு பேர். வேடிக்கை பார்க்கக் கரையில் கூட்டம். முதலில் நன்றாகத்தான் போனது. பொடியன்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தபோது, மசூரின் முழங்கால் மெல்ல மடிந்தது. கை ஒரு சாண் கொடுத்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பெயர் காற்றில் வந்தது.

மசூர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கவிழ்த்து வைத்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தார். சேர் பின்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடமாட்டன், விடமாட்டன் எண்டு சொல்லச் சொல்ல, சேர், விடுறதுதான் மனசில வந்து நிக்கிது. இல்லாத பேயக் கூப்பிட்ட மாதிரி."

"ம்."

"நான் பயந்தாங்கொள்ளி சேர். அதுதான் விசயம். நம்மளுக்கு நாமளே பொய் சொல்லி என்ன செய்யிற?"

சேர் மணலை அள்ளி விரலிடுக்கால் விட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்டு விளங்கல்ல. பயந்த ஆளுக்கு மூச்சு மேல ஏறும். கை நடுங்கும். முகம் வெளுறும். நான் எத்தின புள்ளயளப் பாத்திருப்பன். உங்களுக்கு ஒண்டுமில்ல. நீங்க அமைதியா, வேலை செய்யிற மாதிரிக் குடுக்கிறீங்க. இது பயமெண்டா நான் படிச்ச பயமில்ல."

"அப்ப என்ன?"

"தெரியா. தெரியாததத் தெரியும் எண்டு சொல்லமாட்டன்."

அது நேர்மையான பதில்தான். ஆனாலும் நேர்மை பசிக்குச் சோறாகாது. மசூர் வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். றம்ஸியா தட்டை மூடி வைத்தாள்.

பெருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. தினமும் வலைக்காரருக்குக் காலைச் சாப்பாடு கொண்டுபோகிறவருக்குக் காய்ச்சல். மர்சூக்கின் மனைவி ஊரில் இல்லை. அதனால் அன்று றம்ஸியாவே புட்டு அவித்து, மீன் சுண்டலும் சம்பலும் கட்டி, முச்சக்கர வண்டியில் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். கடற்கரை ஊரில் இருந்தும் வலை இழுப்பதை உட்கார்ந்து பார்த்து வருஷக்கணக்காயிற்று. தறியடியிலிருந்து எழும்ப நேரம் எங்கே.

கச்சான் தொடங்கியிருந்தது. தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற சுடுகாற்று. அலைகளின் தலையைத் தட்டி அமர்த்தி வைத்திருந்தது. வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. வலையின் இரண்டு பக்கக் கயிறுகளும் கரையில். தெற்குக் கயிற்றில் எட்டுப் பேர், கடைசியில் மசூர். இடுப்பில் பட்டி கட்டி, குதிக்காலை மணலில் புதைத்து, ஏலேலோ சொல்லி இழுத்தார்கள். றம்ஸியா சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வள்ள நிழலில் உட்கார்ந்தாள்.

இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தவளுக்கு ஒரு கண் பழகிவிடும். ஆயிரம் இழை ஒன்றாகப் போகும்போது ஒரு இழை மட்டும் வேறு மாதிரிப் போனால் அந்தக் கண் அங்கே போய் நின்றுவிடும். ஏழு பேர் ஒரு மாதிரி இழுத்தார்கள். எட்டாவது ஆள் வேறு மாதிரி இருந்தார். அலை கரைக்கு வரும்போது ஏழு பேரோடு சேர்ந்து அவரும் எடுத்தார். அலை திரும்பிக் கடலுக்குள் போகும்போது ஏழு பேரும் சும்மா நின்றார்கள். மசூரின் முழங்கால் மெல்ல மடிந்தது. அவர் ஒரு சாண் கொடுத்தார். கொடுத்ததும் கயிற்றின் விறைப்புத் தணிந்தது. அடுத்த அலையில் மீண்டும் எடுத்தார். முகத்தில் ஒரு சலனமுமில்லை.

றம்ஸியா பெட்டியை மணலில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். போன வருஷம் மைதானத்தில் அவள் பார்த்ததும் இதே முழங்கால்தான்.

அந்த நேரம் கயிறு அசையாமல் நின்றது. ஏலேலோ நின்றது.

"வலை செவர்ல பட்டிட்டு," என்றார் மர்சூக்.

கரையிலிருந்து இருநூறு யார் தள்ளி, சுனாமியில் கடலுக்குள் போன யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவர் கிடக்கிறது. வருஷத்தில் நாலைந்து தடவை வலை அதில் சிக்கும். ஒருவர் இறங்கிப் போய்க் கழற்ற வேண்டும். அந்த ஆள் எப்போதும் மர்சூக்தான். அவர் கீழே இருக்கும்போது கரையில் கயிற்றை இழுக்கக் கூடாது, இழுத்தால் வலைக்கும் சுவருக்கும் நடுவில் கை அகப்படும். கொடுக்கவும் கூடாது, கொடுத்தால் தளர்ந்த வலை காலைச் சுற்றிக்கொள்ளும். கயிறு இருந்தபடியே இருக்க வேண்டும். அதைப் பிடிக்கிற ஆள் எப்போதும் மசூர்.

மர்சூக் சாரத்தை மடித்துக் கட்டினார். "மச்சான், நான் இறங்குறன்."

"பிஸ்மி சொல்லி இறங்குங்க."

மசூர் கயிற்றை முதுகைச் சுற்றி எடுத்துப் பின்னால் சாய்ந்தார். மற்றவர்கள் விலகி நின்றார்கள். மர்சூக் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, கயிற்றைப் பற்றியபடி நீந்திப் போய், மிதப்புக் கட்டைக்குப் பக்கத்தில் தலை தெரிந்து, பிறகு காணாமல் போனார். வந்தார், மூச்செடுத்தார், திரும்பவும் போனார். றம்ஸியா கடலைப் பார்க்கவில்லை. புருஷனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலை திரும்பியது. கயிறு விண்ணென்று இறுகியது. முழங்கால் மடியவில்லை. இன்னொரு பெரிய அலை, அதுவும் திரும்பிக் கயிற்றைக் கேட்டது. மசூர் கொடுக்கவில்லை. மணல் அவருடைய காலைக் கரண்டைவரை விழுங்கியிருந்தது. கண் மூடியிருந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

கயிறு இரண்டு தரம் வெடுக்கென்று ஆடியது. கழற்றியாயிற்று என்பதற்கு மர்சூக் கொடுக்கிற குறி. மசூர் கண்ணைத் திறந்து, மூச்சை விட்டு, சாண் சாணாகக் கயிற்றைத் தளர்த்தினார். மர்சூக் கரையேறியதும் எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"வலை கிழிஞ்சிட்டா மச்சான்?"

"இல்ல. முழுசாக் கிடக்கு."

வலை கரையேறி, கீரி மீனைப் பெட்டிகளில் நிரப்பி முடிய வெயில் ஏறிவிட்டது. ஆட்கள் புட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மசூர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மனைவி இருந்த பக்கம் வந்தார்.

"சுண்டல் உறைக்கிது."

"உறைக்கட்டும். இஞ்சாருங்க, ஒண்டு கேக்கன். நீங்க ஏன் கடலுக்குக் கயிறு குடுக்கிறீங்க?"

"இதென்ன கேள்வி? கடல் இழுக்கக்குள்ள குடுக்காட்டி வலையிட வாய் கிழிஞ்சிரும். இல்லாட்டிக் கயிறு அறும். வால்ல நிக்கிறவன்ட வேலையே அதுதானே."

"மத்த ஏழு பேரும் குடுக்கிறல்லியா?"

"அவங்களுக்கு அது விளங்கா. அவங்க இழுக்கிற ஆக்கள்."

"ஏழு பேர் இழுக்கிற ஆக்கள். குடுக்கிற ஆள் நீங்க ஒராள்," என்றாள் றம்ஸியா. "இருவத்திரண்டு வருஷமாக் குடுத்துப் பழகின ஆளத் தேடிப் புடிச்சிக் கொண்டுபோய் மைதானத்தில வால்ல நிப்பாட்டிட்டு, குடுக்காத எண்டாக் கை கேக்குமா?"

மசூரின் கை புட்டோடு பாதி வழியில் நின்றது.

"அங்க கடல் எங்க கிடக்கு புள்ள?"

"அவங்க வெட்டி இழுக்கிறதும் மறுகா மூச்செடுக்கிறதும் கடல் மாதிரித்தானே? ஒங்கட கைக்குக் கடலா இறக்காமத்தானா எண்டு தெரியுமா? கண்ணு இரிக்கா அதுக்கு?"

"அப்ப நான் என்ன, மடையனா?"

"மடையன் எண்டு ஆரு சொன்ன? பயந்தாங்கொள்ளி இல்ல எண்டுதான் சொல்றன். எங்கட காக்காதான் மடையன். உங்கள வால்ல நிப்பாட்டினது அவருதானே."

மசூர் புட்டைத் தட்டில் வைத்துவிட்டார். ஒரு வருஷமாகத் தன்னைத் தானே கோழை என்று திட்டியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு கண்ணுக்கு வந்துவிட்டது. அழுதார். கச்சான் மணலை அள்ளி அடித்தது நல்லதாகப் போயிற்று, கண்ணில் மண் விழுந்ததாக மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். றம்ஸியா தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

முகத்தைக் கழுவிவிட்டு அவர் சொன்னார். "விளங்குது. விளங்கினாப்போல கை கேக்குமா? இருவத்திரண்டு வருஷத்துப் பழக்கம் அஞ்சி நாளில போகுமா?"

"போகா. போகவும் வேணாம். போனாச் சோத்துக்கு என்ன செய்யிற?"

"அப்ப?"

"இப்ப காக்கா கீழ கிடக்கக்குள்ள கடல் கேட்டிச்சி. நான் எண்ணிக்கிட்டிருந்தன், பெரிய அலை மட்டும் ஏழு தரம். நீங்க ஒருக்காலும் குடுக்கல்ல."

"அது மச்சான் கீழ இருந்தாரு."

"அப்ப என்னத்த நினைச்சீங்க?"

"என்னத்த நினைக்க? ஒண்டும் நினைக்கல்ல."

"விடமாட்டன் எண்டு சொன்னீங்களா?"

"ஏன் சொல்லணும்?" மசூருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "ஆள் கீழ கிடக்கு. அவ்வளவுதான். அதுக்குள்ள வேற நினைப்பு எங்க வாற?"

சொல்லி முடித்ததும், தன் பேச்சைத் தானே கேட்டவர்போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். றம்ஸியா பெட்டியை மூடிக் கட்டினாள். மிச்சப் புட்டைக் காகத்துக்குப் போட்டாள்.

அன்று பின்னேரம் பயிற்சிக்கு முன்னால் அவள் காக்காவைத் தேடிப் போய், கடலுக்கு மடிகிற முழங்காலையும் அவர் கீழே இருந்தபோது அது மடியாததையும் சொன்னாள். மர்சூக் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வாலில் நிற்பவரைத் தான் தேர்ந்தெடுத்த அழகை யோசித்துப் பார்த்திருப்பார், தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். புண்ணியமூர்த்தி சேருக்கும் விஷயம் போனது.

"நான் மூச்சப் பாத்தன். அவ முழங்காலப் பாத்திருக்கா," என்றார் சேர். "சரி. அந்த விடமாட்டன விட்டிருங்க மசூர். இனி நான் ஒண்டும் சொல்லித்தரல்ல. மர்சூக், கடலில என்ன சொல்லுவீங்களோ அதையே சொல்லுங்க."

பொடியன்கள் பன்னிரண்டு பேரும் மறுபக்கம் கயிற்றை எடுத்தார்கள். முன்வரிசையில் நின்ற மர்சூக் திரும்பிப் பார்த்தார். "மச்சான், நான் இறங்குறன்."

சொல்வதற்கு மசூருக்கு வெட்கமாக இருந்தது. தரையில் நின்றுகொண்டு என்ன இறக்கம். "பிஸ்மி சொல்லி இறங்குங்க," என்று முணுமுணுத்தார். முதல் நாள் முழுதாகச் சரிவரவில்லை. மூன்று தரத்தில் ஒரு தரம் கை கொடுத்துவிட்டது. இரண்டாம் நாள் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பவும் ஒரு தரம் கொடுத்தது. "பாதி பயம் போயிட்டு," என்று றம்ஸியாவிடம் சொன்னார். "மத்தப் பாதி அங்க போனாத்தான் தெரியும்." அன்று இரவு தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டார், இன்னும் கேட்டார்.

பெருநாள் வந்தது. தொழுகை, உழ்ஹிய்யா குர்பானி இறைச்சி, பங்கு, வீடு வீடாகப் போக்குவரத்து. மறுநாள் பின்னேரம் கடற்கரை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் மதிலோரம் நின்றார்கள். அப்னா வரமாட்டேன் என்றுதான் நின்றாள். தாய் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இறுதிப் போட்டிக்கு வந்தது மறுபடியும் இறக்காமம்தான். நல்ல மனிதர்கள். வந்ததும் மசூரிடம் வந்து சலாம் சொல்லிக் கையைக் கொடுத்தார்கள். அதில் ஒருவர், "போன வரிசம் போல ஒரு உதவி செய்வீங்கதானே காக்கா," என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மசூரும் சிரித்தார். காதுமடல் மட்டும் சூடானது.

முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவதில் நடுவில் நின்ற ஒருவருக்குக் கால் வழுக்கி, அவர்களுக்குப் போயிற்று. இனி மூன்றாவது. போன வருஷத்தைப் போலவே. கூட்டத்தில் பெயர் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒரு மூலையில், பிறகு மூன்று மூலையில். கயிறுவிட்டான், கயிறுவிட்டான். பகையில்லை. ஊருக்கு அது ஒரு பாட்டு.

மர்சூக் திரும்பிப் பார்த்தார். எட்டுப் பேர் தூரம். குரல் கேட்டிருக்காது. உதடு அசைந்தது தெரிந்தது.

"பிஸ்மி சொல்லி இறங்குங்க," என்றார் மசூர். இந்த முறை வெட்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

விசில் ஊதியது. துணி அந்தப் பக்கம் ஒரு சாண் போனது, இந்தப் பக்கம் ஒரு சாண் வந்தது, நடுவில் நின்றது. இரண்டு பக்கத்துக் குதிக்கால்களும் பள்ளம் தோண்டின. இறக்காமத்தார் ஒன்று, இரண்டு எண்ணி வெட்டி இழுத்தார்கள். கயிறு விண்ணென்றது. மதிலோரத்தில் றம்ஸியா கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தாள். மடியவில்லை. திரும்பவும் வெட்டினார்கள். மைதானம் கத்தியது, அடங்கியது, கத்தியது. அவர்கள் நாலாம் தரம் வெட்டி, மூச்செடுக்கத் தளர்ந்தபோது மர்சூக் "எடு" என்றார். ஏழு பேர் எடுத்தார்கள். எடுத்ததை எட்டாவது ஆள் போகவிடவில்லை. ஒரு சாண். அவர்கள் வெட்டினார்கள், நின்றது. தளர்ந்தார்கள், இன்னொரு சாண். அப்படியே மூன்று நிமிஷத்துக்கு மேல் போயிற்று. மைதானத்தில் பெயர் எப்போது அடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. சிவப்புத் துணி எங்கள் கோட்டைத் தாண்டியது.

விசில். எங்கள் ஆட்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இறக்காமத்தார் கயிற்றைப் பிடித்தபடியே மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்தார்கள். கூட்டம் கோட்டுக்குள் பாய்ந்தது. பாய்ந்தவர்கள் மசூருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். அவர் இன்னும் சாய்ந்தபடியே நின்றார். முதுகைச் சுற்றிக் கயிறு. கண் மூடியிருந்தது. கால் கரண்டைவரை மணலுக்குள்.

"காக்கா, முடிஞ்சிது. விடுங்க."

அவர் விடவில்லை.

"வெண்டாச்சி காக்கா, கயிற விடுங்க."

ஒருவர் விரலைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொருவர் தோளைத் தட்டினார். பின்னால் நின்றவர்களும் கத்தினார்கள். ஒரு வருஷமாகக் கயிறுவிட்டான் என்று கூப்பிட்ட அதே ஊர், நூற்றுக்கணக்கில் சுற்றி நின்று, விடு, விடு என்று அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அப்னா மதிலடியிலிருந்து ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "வாப்பா," என்றாள். அதற்கும் கண் திறக்கவில்லை.

"விலகுங்க," என்றார் மர்சூக்.

அவர் மசூரிடம் போகவில்லை. கயிற்றின் மறுமுனைப் பக்கம் நடந்து போய், சிவப்புத் துணியடியில் மணலில் குந்தி, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். வெடுக்கென்று ஒரு தரம் ஆட்டினார். பிறகு இன்னொரு தரம்.

மசூர் கண்ணைத் திறந்தார். மூச்சை விட்டார். முன்னால் நின்ற கூட்டத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"வலை கிழிஞ்சிட்டா மச்சான்?"

மர்சூக் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"இல்ல மச்சான்," என்றார். "முழுசாக் கிடக்கு."

அதற்குப் பிறகுதான் மசூர் கயிற்றைக் கொடுத்தார், கடலுக்குக் கொடுப்பது போல, சாண் சாணாக.